மேல் வீட்டுத் தண்ணீர்

லாரி ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதர் ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே வாய் கோணி, பிரஷ் கை நழுவ, குளியலறை வாசலில் சரிந்து விழுந்தார். அதற்குப் பிறகு வலது கையும் வலது காலும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. நாக்கும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்தான்: "சரி." பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் தலைக்கேறினாலும் சரி.

"கல்யாணமான நாள்லேருந்து நான் சொன்ன எதுக்கும் சரின்னு சொல்லாத மனுஷன்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிடும்.

அவளைத் தெருவில் எல்லோரும் கோட்டக்கா என்பார்கள். ஆஸ்பத்திரி டாக்டர்களும் நர்ஸ்களும் போடுகிற வெள்ளைக் கோட்டுகளை வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவள். கணவர் விழுந்த பிறகு அந்தத் தையல் மெஷினில்தான் குடும்பம் ஓடியது. வெளி அறையில் இருந்த மெஷினை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு வந்து, கட்டிலுக்கு எதிரே போட்டுக்கொண்டாள். ஒரு கண் ஊசியில், ஒரு கண் அவர்மேல். தைத்து மடித்த கோட்டுகள் சுவரோரம் அலமாரியில் அடுக்கடுக்காக ஏறும்.

அது சின்னக் கட்டடம். கீழே இவர்கள் வீடு, மேலே இன்னொரு வீடு, அதற்கு மேல் மொட்டை மாடியும் பொதுத் தண்ணீர்த் தொட்டியும். அவ்வளவுதான். மேல் வீட்டில் தனியாக இருந்த அம்மாள் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காலமெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேசிய பழக்கம், யார் கதவைத் தட்டினாலும் "ஹலோ" என்றுதான் குரல் கொடுப்பார். காய்கறிக்காரன் கூப்பிட்டாலும் ஹலோதான், தூக்கத்தில் புரண்டாலும் ஹலோதான் என்று கோட்டக்கா கிண்டல் செய்வாள். அதனால் அவர் ஹலோ அக்கா ஆனார்.

கோட்டக்கா தைத்ததைக் கொடுக்க வெளியே போகும் நேரமெல்லாம் ஹலோ அக்காதான் கீழே வந்து அந்த மனிதரோடு உட்கார்ந்திருப்பார். பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். விபத்துச் செய்தி வந்தால் மட்டும் தாண்டிவிடுவார். ரசம் வைத்தால் ஒரு கிண்ணம் கீழே வரும். கிண்ணம் மேலே திரும்பும்போது வெறுமையாகப் போகாது. கூடப்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாததை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பையன், கட்டிலுக்கு மேலே சுவரில் உயரமாக ஒரு கப்பி மாட்டி, அதில் கயிறு போட்டு, நல்ல கையால் இழுத்து செத்த கையைத் தூக்கிப் பழக வேண்டும் என்றான். கோட்டக்கா தானே டிரில் மெஷினை இரவல் வாங்கி, ஸ்டூல்மேல் ஏறி, சுவரில் துளை போட்டு, இரும்புப் பட்டையை ஸ்க்ரூ வைத்து முடுக்கினாள். ஆடிய ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது ஹலோ அக்கா. தலையெல்லாம் சிமெண்ட் தூள் கொட்ட, "உன்னைத் தைக்கிறதுக்கு மட்டும்தான் லாயக்குன்னு நெனச்சேன். கொத்தனார் வேலைக்கும் போகலாம்டி" என்றார். கட்டிலிலிருந்து "சரி" என்று குரல் வந்தது. மூவரும் சிரித்தார்கள்.

தினமும் காலையும் மாலையும் கயிறு ஏறி இறங்கியது. மாதங்கள் போக, செத்த கையின் விரல்கள் கொஞ்சம் மடங்க ஆரம்பித்தன.

அந்த வருஷத்து மழைக்காலத்தில்தான் உள்ளறையின் மூலையில், கூரைக்கு ஒரு சாண் கீழே, சுவர் வெளிறிப்போய்த் தெரிந்தது. மழை ஈரம் என்று விட்டுவிட்டாள். மழை நின்றது, ஈரம் நிற்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்த நாட்களிலும் அது மெல்ல மெல்ல அகன்றது. சுண்ணாம்பு பொரிந்து உப்புப்போல் பூத்தது. ஒரு நாள் அலமாரியில் மடித்து வைத்த கோட்டுகளை எடுத்து உதறியபோது, முதுகெங்கும் மிளகைத் தூவினாற்போல் கரும்புள்ளிகள். பூஞ்சை. வெளுத்தும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் அத்தனையையும் திருப்பி அனுப்பினார்கள். கட்டிலில் கிடந்தவருக்கோ இருமல் பிடித்துக்கொண்டது. பட்ட காலிலே படும் என்பது சும்மா சொன்னதல்ல.

பைப்காரரைக் கூப்பிட்டாள். அவர் சுவரைத் தட்டினார், முகர்ந்தார், அண்ணாந்து பார்த்தார்.

"தண்ணி மேல ஏறுமாக்கா? கீழதான இறங்கும்? உங்களுக்கு மேல யாரு இருக்காங்க?"

"ஹலோ அக்கா."

"அப்போ அவங்க பாத்ரூம்தான். இதுக்குப் போய் பெரிய ஆராய்ச்சியா?"

மறுக்க முடியாத நியாயமாகத்தான் இருந்தது. ஹலோ அக்காவும் மறுக்கவில்லை. "என் வீட்டுத் தண்ணி உன் வீட்டைக் கெடுக்கலாமா? நாளைக்கே உடைச்சுப் பார்த்துடலாம்" என்றார். பாத்ரூம் தரையை உடைத்து, குழாயை மாற்றி, மறுபடி கல் பதித்தார்கள். வேலை முடியும்வரை அவர் கீழ் வீட்டில்தான் குளித்தார்.

ஈரம் அப்படியேதான் இருந்தது.

பைப்காரர் தலையைச் சொறிந்தார். "உள்ள ஊறின தண்ணி வத்த நாளாகும்" என்றார். நாளாயிற்று, வற்றவில்லை. "அப்போ அடுப்படி லைன்" என்றார். மறுபடி உடைத்தார்கள். ரசக் கிண்ணம் கீழே வருவது குறைந்தது.

ஒரு காலை வேளையில், கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த கணவர் திடீரென இழுப்பதை நிறுத்தி, நல்ல கையை உயர்த்தி மேலே காட்டினார். "சரி, சரி" என்றார். அவசரமாக, ஏதோ எச்சரிப்பதுபோல். மறுநாளும் காட்டினார்.

"தெரியுதுங்க. மேலேருந்துதான் வருது. நானும் எத்தனை தடவைதான் போய்ச் சொல்றது?" என்றாள் கோட்டக்கா.

அவர் கட்டிலைக் குத்தினார். "சரி!" என்று கத்தினார். அவருக்கே இவ்வளவு ஆத்திரம் வருகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த ஆத்திரத்தையும் தன்னுடையதோடு சேர்த்து எடுத்துக்கொண்டு படியேறினாள்.

ஹலோ அக்கா கதவைத் திறந்தார். "ஹலோ, வா."

"உள்ள வர்றதுக்கு வரலக்கா. இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்க."

"நான் என்ன பண்ணல சொல்லு? ரெண்டு தடவை உடைச்சாச்சு. இன்னும் என்ன, வீட்டையே இடிக்கட்டுமா?"

"உங்களுக்கென்ன, தனி ஆளு. நீங்க குளிச்சு ஊத்துற தண்ணியிலதான் என் புருஷன் கிடக்குறாரு. அவர் இருமுறது உங்களுக்கு மேல கேக்கலையா?"

நாக்குக்கு எலும்பில்லை. தனி ஆள் என்ற அந்தச் சொல் எங்கே போய்த் தைத்தது என்று கோட்டக்காவுக்கு அப்போதே தெரிந்தது. ஹலோ அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோன கதை அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இனிமே என் வீட்டுல ஒரு குழாயும் திறக்க மாட்டேன். என் தண்ணி ஒரு சொட்டுகூட உன் வீட்டுப் பக்கம் வராது. போதுமா?"

சொன்னபடியே செய்தார். மொட்டை மாடிக்குப் போய்த் தன் வீட்டுக்கான வால்வை மூடினார். அன்றிலிருந்து கீழே பொது முற்றத்துக் குழாயில் வாளியில் பிடித்து, படியேறிச் சுமந்தார். குளிப்பது முற்றத்து மூலைக் குளியலறையில், வெளிக்கிருப்பதும் அதை ஒட்டிய பழைய கக்கூசில். அறுபது தாண்டிய உடம்பு. ஒவ்வொரு படிக்கும் வாளியை வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்குவார். தகர வாளியின் கைப்பிடி கிணுகிணுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் தையல் மெஷினின் சத்தத்தைத் தாண்டி உள்ளறைக்குக் கேட்கும்.

எழுந்துபோய் ஒரு கை பிடிக்கலாம் என்று கோட்டக்காவுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அந்த வாரமே மூலையிலிருந்த ஈரம் கொஞ்சம் சுருங்கினமாதிரி இருந்தது. கோடை உச்சத்தில் இருந்தது, அதனால் காய்ந்திருக்கும். அவள் அப்படி நினைக்கவில்லை. 'பார்த்தியா, நான் சொன்னது சரிதானே' என்றே நினைத்தாள். மெஷினை இன்னும் வேகமாக மிதித்தாள்.

பிறகு ஈரம் மறுபடி விரிந்தது. அப்போதும் அவள் நினைத்தது, ஆள் இல்லாத நேரம் பார்த்து மேலே திருட்டுத்தனமாகக் குழாயைத் திறக்கிறார் என்றுதான். சந்தேகம் வந்துவிட்டால் அதற்குத் தீனி தானாகக் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் காலை கிணுகிணுச் சத்தம் பாதிப் படியில் நின்று, வாளி உருளும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் இன்னொரு சத்தம், மூட்டை விழுந்ததுபோல். கோட்டக்கா ஓடினாள். படி திரும்பும் இடத்தில் ஹலோ அக்கா மல்லாந்து கிடந்தார். ஒரு கால் இருக்கக்கூடாத திசையில் திரும்பியிருந்தது. கொட்டிய தண்ணீர் படிப்படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

"அக்கா! அக்கா, அசையாதீங்க. இதோ ஆளைக் கூப்பிடுறேன்."

அவர் கண் திறந்து, கோட்டக்காவின் காலடியைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "தண்ணி உன் வீட்டுக்குள்ள போகுது பாரு. முதல்ல அதைத் துடை."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வெளியூரிலிருந்து அவருடைய தம்பி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஆபரேஷன் நடந்தது. வயதான உடம்பு, தேற மறுத்தது. தம்பி மேல் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். கோட்டக்கா ஒரே ஒரு முறை பழத்தோடு போய் நின்றாள். ஹலோ அக்கா மயக்க மருந்தின் தூக்கத்தில் இருந்தார். அதுவும் நல்லதுக்குத்தான் என்று பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

பூட்டிக் கிடந்த அந்த நாட்களில்தான் அது நடந்தது. கோட்டக்கா காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மூலையிலிருந்து ஒரு பாளம் பூச்சு பெயர்ந்து அலமாரிமேல் விழுந்தது. ஏறிப் பார்த்தாள். உள்ளே செங்கல் கறுத்து, பிழிந்தால் சொட்டும்போல் இருந்தது. தொட்ட விரலில் தண்ணீர் நின்றது. பழைய ஈரமல்ல அது, குளிர்ந்த, புதுத் தண்ணீர்.

மேலே ஆளே இல்லையே.

மொட்டை மாடிக்கு ஏறினாள். மேல் வீட்டு வால்வைத் திருகிப் பார்த்தாள். இறுக மூடியிருந்தது. இன்னும் இறுக்க இடமில்லை.

ஆஸ்பத்திரியில் பராமரிப்பு வேலை பார்க்கும் ஒருவர் மூலமாக, கசிவு கண்டுபிடிக்கவென்றே கருவிகளோடு வருகிற ஆளின் நம்பர் கிடைத்தது. முன்பே கேட்டிருந்தால் முன்பே கிடைத்திருக்கும். வந்தவர் பருத்த, வியர்வை வழிகிற மனிதர். கோட்டக்கா வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடச் சொன்னார். மாடியில் கீழ் வீட்டுக்கான வால்வையும் மூடினார். பிறகு குளியலறைக் குழாய் ஒன்றில் வட்ட மீட்டரைப் பொருத்தி, சின்னப் பம்பினால் குழாய்க்குள் அழுத்தம் ஏற்றினார்.

"இந்த முள்ளு அசையாம நின்னா உங்க லைன் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

முள் நிற்கவில்லை. கண்ணெதிரே நகர்ந்து நகர்ந்து இறங்கியது.

"மீட்டர் கெட்டுப்போயிருக்கும்" என்றாள் கோட்டக்கா.

அவர் மறுபடி ஏற்றினார். மறுபடி இறங்கியது. "மேல் வீட்டு லைனையும் பாருங்க" என்றாள். தம்பிக்குப் போன் போட்டு, பக்கத்துக் கடையில் கொடுத்துவைத்திருந்த சாவியை வாங்கி வந்தார்கள். மேலே முள் ஆணி அடித்ததுபோல் நின்றது.

"இன்னொரு தடவை பாருங்க."

"எத்தனை தடவை பார்த்தாலும் இதேதாம்மா. மேல ஒண்ணும் இல்ல. எல்லாம் நல்லா இருக்கு."

கீழே வந்து மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கருவியைச் சுவரில் வைத்து வைத்து நகர்ந்தார். ஈரம் இருந்த மூலையில் ஆரம்பித்தவர், அதைவிட்டு விலகி, கட்டில் பக்கமாக வந்தார். கணவர் தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பிக்குக் கீழே வந்ததும் அந்த மனிதர் நின்றார்.

"இதை மாட்டினது யாரு?"

"நான்தான்."

"இந்தச் சுவருக்குள்ள குறுக்கா பைப் போகுது. ஸ்க்ரூ அதுல முட்டிக்கிட்டு நின்னுருக்கு. அன்னிக்கே துளை விழுந்திருந்தா அன்னிக்கே பீச்சியடிச்சிருக்கும். தெரிஞ்சிருக்கும். இது தினமும் கயிறு இழுக்க இழுக்க, ஆடி ஆடி உள்ள போயிருக்கு. வர்ற தண்ணி பைப்பை ஒட்டியே ஓடி அந்த மூலையில இறங்குது."

தண்ணீரைத் திறந்துவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றினார். நூல்போல் தண்ணீர் பாய்ந்து கட்டிலின்மேல் விழுந்தது. "சரி! சரி! சரி!" என்று அலறினார் கணவர்.

"நிறைய வீட்டுல நடக்கிறதும்மா. சுவருக்குள்ள என்ன இருக்குன்னு யாரு கண்டா?" என்றார் வந்தவர், துணியால் துளையை அடைத்துக்கொண்டே. ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு, நனைந்த விரிப்பை மாற்றிவிட்டுக் கோட்டக்கா கணவரின் அருகில் உட்கார்ந்தாள்.

"நீங்க கை காட்டினது மேல் வீட்டை இல்லையா? அந்த ஸ்க்ரூவையா? அதுல தண்ணி கசிஞ்சதைப் பார்த்தீங்களா?"

அவர் அவளையே பார்த்தார். "சரி" என்றார். ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். எத்தனை விதமாகக் கேட்டாலும் அந்தச் சொல்தான் வந்தது. கடைசியில் அவர் கண்ணில்தான் தண்ணீர் வந்தது, கேட்பதை நிறுத்தினாள்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஹலோ அக்கா விழித்திருந்தார். பாதியாகியிருந்தார். மூக்கில் குழாய். கதவோரம் நிற்பது யார் என்று தெரிந்தும் முகத்தில் எதுவும் மாறவில்லை.

கோட்டக்கா உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். முள் இறங்கியது, மேல் வீட்டில் முள் நின்றது, ஸ்க்ரூ, எல்லாவற்றையும். அழக்கூடாது என்று வந்திருந்தாள். அழவில்லை.

ஹலோ அக்கா கேட்டார்: "அப்போ என் பாத்ரூம் நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆமாக்கா."

"அடுப்படியும்."

"ஆமாக்கா."

மூச்சு இழுத்துக்கொண்டார். "கப்பியைக் கழட்டிட்டியா?"

"தூக்கி எறிஞ்சுட்டேன்."

"அறிவு இருக்கா உனக்கு? இப்பத்தான் அவருக்கு விரல் மடங்க ஆரம்பிச்சிருக்கு. வேற சுவர்ல மாட்டு." இரண்டு முறை இருமினார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீ இனிமே இங்க வராதே."

"அக்கா…"

"வராதேன்னு சொன்னேன். உன்னைப் பார்த்தா எனக்கு அந்தப் படிதான் ஞாபகம் வருது."

கோட்டக்கா கப்பியைக் குப்பையிலிருந்து தேடி எடுத்து, கசிவு பார்த்தவரையே திரும்ப வரவழைத்து, பைப் போகாத சுவர் எது என்று கேட்டு மாட்டினாள். ஆஸ்பத்திரிக்குக் கோட்டு கொடுக்கப் போகிற நாட்களில் அந்த வார்டின் தாழ்வாரம்வரை போவாள். கதவைத் தாண்டியதில்லை. உள்ளே போகிற நர்ஸிடம், "எப்படி இருக்காங்க?" என்பாள். கோட்டக்கா தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் உதட்டைப் பிதுக்குவாள்.

நெஞ்சில் சளி கட்டி ஹலோ அக்கா இறந்துபோனார். தம்பி ஊருக்கே கொண்டுபோய்க் காரியத்தை முடித்துவிட்டு, பிறகுதான் வீட்டைக் காலி செய்ய வந்தார். கட்டில், பீரோ, பாத்திரம் என்று ஒவ்வொன்றாக ஆட்கள் இறக்கினார்கள். கோட்டக்கா படிக்கட்டில் அவரை மறித்தாள்.

"உங்க அக்கா தண்ணி சுமந்தது என்னாலதான் தம்பி. தப்பு எங்க வீட்டுல இருந்துச்சு. உங்ககிட்ட சொன்னாங்களா?"

அவர் கையில் ஒரு பெட்டியோடு நின்றார். "இல்லையே. உங்களைப் பத்தி அவ எதுவும் சொல்லல." கொஞ்சம் யோசித்தார். "வாளியில தண்ணி தூக்காதேன்னு நானும் போன்ல தலையால அடிச்சுக்கிட்டேன். வீம்புக்காரி, கேக்கல. கொஞ்சம் வழி விடுறீங்களா? பெட்டி கனமா இருக்கு."

அவள் ஒதுங்கினாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தாள். திட்ட அவருக்கு நேரமில்லை. லாரி காத்திருந்தது.

மேல் வீடு விற்றுப்போனது. கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்தது. அடுத்த வருஷம் கோட்டக்காவின் கணவருக்கு இரண்டாம் முறை பக்கவாதம் அடித்தது, அதோடு போய்ச் சேர்ந்தார். அதற்குள் வலது கையால் டம்ளரைப் பிடிக்கிற அளவுக்குத் தேறியிருந்தார். கோட்டக்காவின் தங்கை வந்து, "இந்த வீட்ல ஒத்தையில என்ன பண்ணப் போறே? எங்களோட வந்துடு" என்று வருந்தி அழைத்தாள். "தைக்கிறவளுக்கு எங்க இருந்தா என்ன?" என்றாள் கோட்டக்கா. போகவில்லை.

மேல் வீட்டுப் பெண் வந்த புதிதில் ஏதாவது சமைத்தால் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு கீழே வருவாள். கோட்டக்கா வாசலிலேயே வாங்கிக்கொள்வாள், கழுவித் திருப்பிக் கொடுப்பாள், உள்ளே வா என்று சொல்ல மாட்டாள். சில மாதத்தில் அந்தப் பெண் வருவதை நிறுத்திவிட்டாள். "கீழ் வீட்டம்மாவுக்கு ரொம்பத்தான் முறைப்பு, யாரோடயும் ஒட்ட மாட்டாங்க" என்று கடையில் அவள் சொல்வது கோட்டக்காவின் காதுக்கும் வந்தது. கேட்டவள் நூல்கண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.